மைக் செத்துப்போன ஞாயிற்றுக்கிழமை

இரண்டாவது அடியின் நடுவில் மைக் செத்துப்போனது.

என் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஆனால் என் குரல் எனக்கே கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் சக்ஸபோன், ட்ரம்பெட், ட்ரொம்போன், பியானோ, ட்ரம்ஸ் என்று பதினேழு பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் டுசல்டோர்ஃபின் பழைய ட்ராம் கொட்டகை. தண்டவாளங்களை மூடிப் பலகை அடித்து, இப்போது அதை நடன மண்டபம் ஆக்கியிருக்கிறார்கள். கண்ணாடிக் கூரைக்குள்ளால் பிற்பகல் வெயில் விழுந்தது. மண்டபம் முழுக்க வாஃபிள் வாசம்.

அந்த வாஃபிள்தான் எனக்கு எமன் என்று பிறகு தெரிந்தது. சிற்றுண்டி மேசையில் சனம் கூடிவிட்டதென்று யாரோ இன்னொரு வாஃபிள் அடுப்பையும் கொண்டுவந்து செருக, மண்டபத்தின் மின்சாரம் மொத்தமாகப் போய்விட்டது.

ட்ரம்பெட்டுக்கு மின்சாரம் தேவையில்லை. பியானோவுக்கும் தேவையில்லை. அந்த மண்டபத்தில் மின்சாரம் இல்லாமல் வேலை செய்யாத ஒரே வாத்தியம் என் தொண்டைதான்.

சோடி சோடியாக ஆடிக்கொண்டிருந்தவர்கள் பிடித்த கையை விடாமல் என் வாயைப் பார்த்தார்கள். முன்வரிசை நாற்காலியில் என் மனைவி தவமணி கையிலிருந்த கேக் தட்டை மடியில் வைத்தாள்.

இத்தனை வாரமும் இந்தப் பத்தியில் என் மூக்குக்கண்ணாடிக் கடைக் கதைகளையே எழுதி வந்தேன். இந்த வாரம் கடையை அரை நாள் பூட்டிவிட்டு உங்களையும் அந்த மண்டபத்துக்குக் கூட்டிப் போகிறேன். ஆனாலும் கதை தொடங்குவது கடையில்தான்.

கையை நீட்டச் சொன்னேன்

ஒரு வசந்த காலக் காலையில் அறுபது வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருவர் கடைக்கு வந்தார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். பெயர் ஹெல்விக். ஒரு பிக் பாண்டை நடத்துவதாகச் சொன்னார். சம்பளத்துக்கு வாசிப்பவர்கள் இல்லை. ஆசிரியர், தாதி, பேருந்துச் சாரதி, மாணவர் என்று பகலில் வேறு வேலை செய்பவர்கள் செவ்வாய் மாலைகளில் கூடி ஜாஸ் வாசிக்கும் பெரிய குழு.

"புத்தகம் படிக்கிற கண்ணாடி போட்டால் ட்ரம்பெட்காரர்கள் மங்கலாகத் தெரிகிறார்கள். தூரக் கண்ணாடி போட்டால் இசைத்தாள் மங்கலாகத் தெரிகிறது" என்றார்.

"கையை நீட்டுங்கள். பாண்ட் முன்னால் நிற்பது போலவே நில்லுங்கள்" என்றேன்.

அவர் கடை நடுவில் நின்று, இல்லாத பாண்டுக்குக் கையை உயர்த்தினார். நான் அளவு நாடாவோடு குனிந்து, அவர் கண்ணிலிருந்து இல்லாத இசைத்தாள் வரைக்கும் அளந்தேன். அளந்துகொண்டே வழக்கம்போல் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தேன். கண் பரிசோதிக்கிறவன் சத்தமாகப் பேசக்கூடாது. முகத்துக்கு மிகப் பக்கத்தில் நிற்கிறோம்.

அவர் உயர்த்திய கையை இறக்கவில்லை. "நீங்கள் பாடுவீர்களா?" என்று கேட்டார்.

"பாடுவேன். கேட்கத்தான் ஆளில்லை."

"ஏன்?"

"என் குரல் வெளியே வராது."

ஹெல்விக் அம்மையார் சிரித்தார். அவர்களுடைய பாடகர் வேலை மாறி ஹனோவருக்குப் போய்விட்டாராம். கோடையில் பெரிய நடன விழா இருக்கிறதாம். "செவ்வாய்க்கிழமை வாருங்கள். வெளியே வராத குரல்தான் எனக்கு வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கண்ணாடிக்குச் சட்டம் தெரிவு செய்ய மறந்தே போனார். மறுநாள் திரும்பி வரவேண்டியிருந்தது.

"வாயைத் திறவடா!"

என் குரலின் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன்.

சின்ன வயதில் அம்மா அப்பாவோடு ஜெர்மனிக்கு வந்தவன் நான். பான் நகரத்தில் வளர்ந்தேன். அங்கே தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் பாடும் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். குழுவை நடத்திய அண்ணை கைப்பெட்டி ஆர்மோனியத்தை வாசித்துக்கொண்டே கத்துவார். "வாயைத் திறவடா! உனக்குப் பக்கத்தில நிக்கிறவனுக்கே கேக்கேல்லை. ஆண்டவருக்கு எப்பிடியடா கேக்கும்?"

நான் வாயைத் திறந்தால் குரல் உடைந்தது. மூடினால் அழகாக இருந்தது. அதற்கு நான் என்ன செய்ய?

பெரியவனான பிறகு டுசல்டோர்ஃபில் கலியாண வீடுகளுக்குப் பாடும் குழு ஒன்றில் கொஞ்சக் காலம் இருந்தேன். கீபோர்ட் வாசித்தவர் ஒருநாள் மண்டபத்தின் பின்பக்கம் கூட்டிப் போய்ச் சொன்னார். "தம்பி, மைக்கைக் கிட்டப் பிடிச்சால் ஸ்பீக்கர் குமுறுது. தள்ளிப் பிடிச்சால் நீ இருக்கிறியோ எண்டே தெரியேல்லை. குறை நினையாதை. நீ சாமான் ஏத்தி இறக்கிறதைப் பார்."

நான் குறை நினைக்கவில்லை. சாமான் ஏற்றி இறக்கினேன். காரில் தனியாகப் போகும்போது மட்டும் பாடினேன்.

காரில் பாடிய பாட்டுகள் எல்லாம் பழைய ஆங்கிலப் பாட்டுகள். அவை எனக்கு வந்து சேர்ந்த வழி வேடிக்கையானது. கண்ணாடித் தொழில் படித்த காலத்தில், ஔஸ்பில்டுங் என்னும் தொழிற்பயிற்சி நடந்த பட்டறையில் ஒரு வானொலி எந்நேரமும் ஓடும். வில்லை தீட்டும் இயந்திரம் 'கிர்ர்' என்று சத்தம் போடும். அதை நிறுத்தியதும் வானொலியில் ஓர் ஆண் பாடிக்கொண்டிருப்பான். பின்னால் அத்தனை பித்தளை வாத்தியங்கள் முழங்கும். அவனோ கதிரையில் சாய்ந்திருந்து பக்கத்தில் உள்ளவளிடம் ஏதோ சொல்வதுபோலப் பாடுவான். கத்தவில்லை. மூச்சு வாங்கவில்லை. ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, அடுத்த சொல்லுக்கு அவசரமே இல்லாமல் காத்திருந்தான்.

இயந்திரத்தை மறுபடி போட எனக்கு மனம் வரவில்லை. இப்படியும் பாடலாமா? பாடினால் காசு கொடுத்து ஆள் வைத்துக்கொள்வார்களா?

ரைன் கரைச் சந்தையில் பழைய இசைத்தட்டுகள் தேடத் தொடங்கினேன். கலியாணமாகி வந்த புதிதில் தவமணி அவற்றைக் கேட்டுவிட்டு முகம் சுளித்தாள். "என்னப்பா இது, காய்ச்சல்காரன் கனவிலை கதைக்கிற மாதிரிக் கிடக்கு."

மெகாபோன் பிடித்துப் பாடிய காலம்

இந்தப் பாட்டு வகைக்கு ஆங்கிலத்தில் 'குரூனிங்' என்று பெயர். தாலாட்டுவது போல முணுமுணுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒத்திகை இடைவேளைகளில் ஹெல்விக் அம்மையார் இதன் கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வார். அவருக்கு அது வேதப் புத்தகம் மாதிரி. நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் நடன மண்டபங்கள் பெரிதாகிக்கொண்டு போன காலம். நாலைந்து பேர் வாசிக்கும் சத்தம் கடைசிச் சுவர் வரை போகவில்லை. ஒரு ட்ரம்பெட் போதாது, மூன்று வை என்றார்கள். சக்ஸபோனை வரிசையாக உட்கார வை என்றார்கள். ட்ரொம்போனையும் சேர் என்றார்கள். அத்தனை பேரும் தங்கள் பாட்டுக்கு ஊதினால் சந்தை இரைச்சல்தான் மிஞ்சும். ஆகவே ஒரு வரிசை கேட்க இன்னொரு வரிசை பதில் சொல்லும்படி எழுதி வைத்து வாசித்தார்கள். அப்படித்தான் பிக் பாண்ட் வளர்ந்தது. கறுப்பின மக்களின் இசை, உலகத்தையே ஆட வைக்கும் இசையாக எழுந்தது.

பாடகன் பாடுதான் திண்டாட்டம். இத்தனை பித்தளைக்கு மேலால் கத்த வேண்டும். சிலர் தகரக் குழல் போன்ற மெகாபோனை வாயில் வைத்துப் பாடினார்களாம். அப்போதுதான் மைக் வந்தது.

நம் ஆட்களுக்கு மைக் என்பது ஊரைக் கூப்பிட. அவர்களோ ரகசியம் சொல்ல அதைப் பிடித்துக்கொண்டார்கள். முழு பாண்டும் முழங்க, அதன் மேல் ஒரு தனி ஆளின் மெல்லிய குரல் எண்ணெய்போல மிதந்தது. வானொலி அந்தக் குரலை ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கொண்டுபோனது. 'ஒவ்வொரு பெண்ணின் காதிலும் தனித்தனியாகப் பேசுகிறான், இது ஒழுக்கமில்லை' என்று பெரிய மனிதர்கள் சண்டைக்கு வந்தார்களாம். பெண்கள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. இன்னும் கிட்டப் போய் உட்கார்ந்தார்கள்.

ஜெர்மனிக்கும் அது வந்தது. பெர்லின் ஹோட்டல்களில் கொடிகட்டிப் பறந்தது. பிறகு வந்த கொடுங்கோலர்கள் அதைக் கேட்பதே கேடு என்றார்கள். இளம் பிள்ளைகள் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுக் கேட்டார்கள். பிடிபட்டவர்கள் அடியும் சிறையும் பட்டார்கள். ஹெல்விக் அம்மையார் இதைச் சொல்லும்போது குரல் மாறும். "ஆடியதற்காகப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதனால் என் பாண்டில் யாரும் அரைமனதோடு வாசிக்கக்கூடாது" என்பார்.

போர் முடிந்ததும் வெளிநாட்டுப் படைகளின் வானொலி வழியாக அது திரும்பி வந்தது. அந்த மிச்சத்தைத்தான் நான் பட்டறையில் கேட்டிருக்கிறேன்.

இப்போது மறுபடி ஓர் எழுச்சி. இருபது வயதுப் பிள்ளைகள் தோளில் பட்டி மாட்டிய காற்சட்டையும் புள்ளிப் பாவாடையுமாக வந்து ஸ்விங் ஆடுகிறார்கள். ஆட்டத்துக்கு நுழைவுச்சீட்டு கிடைப்பதில்லை. ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், பாண்ட் இருக்கிறது. பாடத்தான் ஆள் இல்லை. அதுதான் என் அதிர்ஷ்டம்.

இரண்டாவது ட்ரொம்போன்

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்குப் போனேன். பாடசாலை ஒன்றின் இசை அறை. கதவைத் திறந்ததும் நெஞ்சில் மோதுவது போலச் சத்தம் வந்தது. வானொலியில் கேட்பது வேறு, அதற்கு முன்னால் நிற்பது வேறு. தரை அதிர்ந்தது. என் காற்சட்டைக் கால் அதிர்ந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத சிரிப்பு.

சிரித்துக்கொண்டே ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தேன். முன்னால் சக்ஸபோன்கள். அதற்குப் பின்னால் ட்ரொம்போன்கள். இரண்டாவது ட்ரொம்போனைப் பிடித்திருந்தது என் மகள்.

நிரோஜா ட்ரொம்போன் வாசிப்பாள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பள்ளிக்கூட நாளில் அந்த நீண்ட பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு திரிந்தேன். இப்போது அவள் நகரத்துத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பொறியியலாளர். தனி வீடு. 'செவ்வாய்க்கிழமை ஒத்திகை' என்பாள். எந்த ஒத்திகை, எந்த இடம் என்று நாங்கள் கேட்டதுமில்லை, அவள் சொன்னதுமில்லை.

அவள் என்னைக் கண்டாள். ட்ரொம்போன் நீண்ட கை நீண்டபடியே நின்றது. முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அறிமுகமில்லாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுத் தாளைப் புரட்டினாள்.

"இவர் ஹெர் அருளப்பு. இன்றைக்கு நம்மோடு பாடிப் பார்க்கிறார்" என்றார் ஹெல்விக் அம்மையார். ஜெர்மன் மொழியில் ஆணுக்கு ஹெர், பெண்ணுக்கு ஃப்ராவ் என்பது மரியாதை.

யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. காரணம் எங்கள் பெயர் வழக்கம். என் பெயருக்குப் பின்னால் என் அப்பா பெயர் அருளப்பு. மகள் பெயருக்குப் பின்னால் என் பெயர். ஆகவே நான் ஜெயசீலன் அருளப்பு, அவள் நிரோஜா ஜெயசீலன். ஒரு வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு குடும்பப் பெயரா என்று அலுவலகங்களில் கேட்டுக் கேட்டுக் களைத்த விஷயம், அன்றைக்கு எங்களை மறைத்துவிட்டது. ட்ரம்ஸ் வாசிக்கும் ஊவ என்னைப் பார்த்த உடனேயே 'ஜெய்' என்று சுருக்கிவிட்டார். அத்தோடு கதை முடிந்தது.

பாடினேன். மெதுவான பாட்டு ஒன்று. மைக்கை உதட்டோடு வைத்துக்கொண்டேன். இம்முறை யாரும் வாயைத் திற என்று சொல்லவில்லை. பாட்டின் நடுவில் ட்ரொம்போன் வரிசை நீளமாக, மெத்தை விரித்தது போல ஒரு சுரத்தைப் பிடித்தது. என் குரலை அதன்மேல் கிடத்தினேன். முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஊவ மட்டும் "ஆகா" என்றார்.

இடைவேளையில் தண்ணீர் குடிக்கப் போனபோது மகள் பின்னால் வந்தாள்.

"அப்பா, இஞ்ச என்ன செய்யிறியள்?"

"பாட வந்தனான் பிள்ளை."

"ஆர் கூப்பிட்டது?"

"உங்கட பாண்ட் அம்மாதான். கண்ணாடி எடுக்க வந்தவா. நீ இருக்கிறது எனக்கு உண்மையாத் தெரியாது."

அவள் சுவரில் சாய்ந்தாள். கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சேர்ச்சுக்குப் போனால் நான் ஜெயசீலன்ர மகள். கலியாண வீட்டுக்குப் போனால் ஜெயசீலன்ர மகள். இந்த நாட்டில எந்தத் தமிழ்ச் சனத்தைக் கண்டாலும் முதல் கேள்வி ஆற்றை பிள்ளை எண்டுதான். இஞ்ச மட்டுந்தான் அப்பா நான் இரண்டாவது ட்ரொம்போன். வேறை ஒண்டும் இல்லை."

எனக்குச் சட்டென்று விளங்கியது. "அப்ப நான் ஏலாது எண்டு சொல்லிப்போட்டுப் போறன். நீ யோசியாதை" என்றேன். மனதுக்குள் ஒரு கதவு சாத்திக்கொண்ட மாதிரித்தான் இருந்தது. ஆனாலும் அவளுடைய இடம் அது. அவள்தான் முதலில் வந்தவள்.

அவள் போத்தல் மூடியைத் திருகித் திருகித் திறந்தாள், மூடினாள்.

"நீங்கள் இப்பிடிப் பாடுவியள் எண்டு எனக்குத் தெரியாது" என்றாள்.

"எனக்கும் இண்டைக்குத்தான் தெரியும்."

"எங்களுக்குப் பாட ஆளில்லை. நடனத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் கிடக்கு." பெருமூச்சு விட்டாள். "சரி. நில்லுங்கோ. ஆனால் ஒண்டு. இஞ்ச நீங்கள் எனக்கு அப்பா இல்லை. ஹெர் அருளப்பு."

"ஓம், ஃப்ராவ் ஜெயசீலன்" என்றேன்.

சிரிக்கக்கூடாது என்று பார்த்தாள். முடியவில்லை.

பக்கத்து ஊர்க்காரர்

வசந்தம் முழுக்க அப்படியே போனது. செவ்வாய் மாலை கடையைப் பூட்டியதும் எனக்குக் கால் தரையில் நிற்காது. மகள் தன் சைக்கிளில் வருவாள், நான் என் காரில் போவேன். உள்ளே ஜெர்மன் மொழியில் 'ஹலோ' சொல்லிக்கொள்வோம்.

ஒருநாள் ஊவ கேட்டே விட்டார். "நீங்கள் இருவரும் ஒரே நாடா?"

"ஆம்" என்றாள் மகள் அமைதியாக. "சின்னத் தீவுதான். ஆனால் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியாது."

குடித்த தண்ணீர் எனக்குப் புரைக்கேறியது.

தவமணிக்கு எல்லாம் தெரியும். "தகப்பனும் மகளும் நல்லா நடிக்கிறியள்" என்று சொல்லிவிட்டு, என் வெள்ளைச் சட்டையை இரண்டு தரம் அயன் பண்ணித் தந்தாள். கண்ணாடிக்கு முன்னால் நான் பாடிப் பார்க்கும்போது சமையலறையில் சட்டிச் சத்தம் நிற்பதைக் கவனித்திருக்கிறேன். நின்று கேட்டிருக்கிறாள்.

மின்சாரம் இல்லாத மண்டபம்

இப்போது ட்ராம் கொட்டகைக்கு வாருங்கள்.

மைக் செத்துவிட்டது. பாண்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. ஹெல்விக் அம்மையார் என்னைப் பார்த்தார். அடுத்த கணம் இரண்டு உள்ளங்கைகளையும் தரையை நோக்கி அழுத்தினார். பாண்ட் குனிந்தது. உண்மையாகவே குனிந்தது. ட்ரம்பெட்டுகள் நின்றன. சக்ஸபோன்கள் மூச்சளவுக்கு இறங்கின. ஊவ கோலை வைத்துவிட்டுக் கம்பித் தூரிகையை எடுத்தார். தோல் மீது அது மழை விழுவது போல இழைந்தது.

நான் பாடினேன். முதல் வரிசை காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். கேட்கவில்லை. மண்டபத்தின் பின்பக்கத்தில் சிலர் பேசத் தொடங்கிவிட்டார்கள். உரத்துப் பாடிப் பார்த்தேன். குரல் உடைந்தது. கைப்பெட்டி அண்ணையின் முகம் ஞாபகத்துக்கு வந்து போனது. இவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம். கண்ணாடிக் கூரை வரை போன சத்தம்.

"அப்பா! கீழ இறங்குங்கோ! சனத்துக்குள்ள போங்கோ!"

திரும்பிப் பார்த்தேன். நிரோஜா எழுந்து நின்றாள். ட்ரொம்போனை ஒரு கையில் பிடித்தபடி மறு கையால் என்னைத் தள்ளுவது போலக் காட்டினாள். "அவைக்குக் கிட்டப் போய்ப் பாடுங்கோ அப்பா!"

செத்த மைக்கை மேடையில் வைத்தேன். படியால் இறங்கினேன்.

ஆடுகிறவர்களுக்கு நடுவில் போனேன். வயதான ஒரு சோடி கட்டிப்பிடித்தபடி நின்றார்கள். அவர்கள் இருவரின் காதுக்கும் நடுவில் முகத்தை வைத்து ஒரு வரி பாடினேன். அந்த அம்மா கண்ணை மூடினார். இருவரும் அசையத் தொடங்கினார்கள். அடுத்த வரியைப் புள்ளிப் பாவாடைப் பெண்ணுக்கும் அவள் துணைவனுக்கும் பாடினேன். அவர்களும் அசைந்தார்கள். நான் நடந்தேன். கடந்து போன இடமெல்லாம் ஆட்டம் பற்றிக்கொண்டது. எனக்குப் பின்னால் ஆடினார்கள், எனக்கு முன்னால் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். மண்டபத்தில் அப்படி ஓர் அமைதி. பலகைத் தரையில் சப்பாத்துகள் உரசுவது கேட்டது. அந்தப் பெரிய பாண்ட் ஒரு குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்பதைப் போல வாசித்தது.

மெகாபோனும் வேண்டாம், மைக்கும் வேண்டாம். பெரிய மனிதர்கள் பயந்ததையே செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு காதிலும் தனித்தனியாக!

பாட்டின் நடுப்பகுதி முடிந்து வாத்தியத்துக்கு இடம் வந்தது. வழக்கமாக அங்கே ட்ரம்பெட் வாசிக்கும். ஹெல்விக் அம்மையார் புதுக் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, என் மகளைச் சுட்டினார். அவள் ட்ரொம்போன் வாயில் கறுப்பு ரப்பர்க் கிண்ணத்தை மூடிபோலப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். எனக்குப் பக்கத்தில் நின்று ஊதினாள். மூடியதும் திறந்ததுமாக, ஒரு மனுஷி வாய்க்குள் பாடுவது போன்ற குரல் அந்தப் பித்தளைக்குள்ளிருந்து வந்தது. அது என் குரல் போலவே இருந்தது. யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஸ்பீக்கரில் 'டொப்' என்று சத்தம். மின்சாரம் வந்துவிட்டது. மேடையில் மைக்கின் சிறு பச்சை விளக்கு எரிந்தது. நான் ஹெல்விக் அம்மையாரைப் பார்த்தேன். அவர் இல்லை என்று தலையாட்டினார். அங்கேயே நில்!

கடைசி அடிக்குத் தவமணியிடம் வந்து சேர்ந்தேன். கேக் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். குனிந்து அவள் காதில் பாடினேன்.

"சனம் பாக்குதப்பா" என்று பல்லுக்குள்ளால் சொன்னாள்.

நான் நிறுத்தவில்லை. அவளும் முகத்தைத் திருப்பவில்லை.

கடைசிச் சுரம் அடங்கியது. பிறகு கொட்டகை வெடித்தது. காலால் பலகையில் உதைத்தார்கள், விசிலடித்தார்கள். வாஃபிள் மேசைக்காரர்கள் கரண்டியால் தட்டினார்கள். மேடையிலிருந்த பாண்ட் முழுக்க எழுந்து நின்றது.

ஊவ ட்ரம்ஸுக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தார். "அப்பா என்றால் பப்பா தானே? பப்பா தானே?" என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

நான் மகளைப் பார்த்தேன். சொல்ல வேண்டியவள் அவள்தான்.

"ஆம்" என்றாள் நிரோஜா. வியர்வையைப் புறங்கையால் துடைத்தாள். "என்னுடைய அப்பா."

கார் நிறுத்துமிடத்தில்

எல்லாம் முடிந்து நாங்கள் மூவரும் காருக்கு வந்தோம். இன்னும் வெளிச்சம் இருந்தது. ட்ரொம்போன் பெட்டி பின்னிருக்கையில் பாதியைப் பிடித்துக்கொள்ள, மீதியில் தவமணி வாஃபிள் பொட்டலத்தோடு ஏறினாள். மகள் முன்னால் உட்கார்ந்தாள். நான் சாவியைக் கையில் எடுத்தேன்.

"அப்பா, ஒண்டு சொல்லட்டே?" என்றாள்.

பாராட்டப் போகிறாள் என்று நினைத்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

"கடைசி அடியில நீங்கள் பிந்தினீங்கள்."

"என்ன?"

"பிந்தினீங்கள். பேஸ் வாசிக்கிறவன் உங்களுக்காகக் காத்துக்கொண்டு நிண்டவன்."

"அது அம்மாட்டை வந்தனான் பிள்ளை. அதோடை நான் ஆறுதலாப் பாடுற ஆள்தானே. அதுதானே இந்தப் பாட்டின்ரை ஸ்டைல்."

"ஆறுதலாப் பாடுறது வேறை, பிந்துறது வேறை." அவள் என் பக்கம் முழுதாகத் திரும்பினாள். கண் இரண்டும் மின்னின. பூசைக்குழுவிலும் சரி, கலியாண வீட்டிலும் சரி, ஒரு வாத்தியக்காரி இன்னொரு வாத்தியக்காரனோடு இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அதுவும் என்னோடு! "தாளம் எங்க இருக்கெண்டு உங்களுக்குத் தெரியவேணும். தெரிஞ்சுகொண்டு பின்னால போகவேணும். நீங்கள் இண்டைக்கு அதைத் துலைச்சுப்போட்டுப் போனீங்கள். பாடுங்கோ, காட்டுறன்."

"இப்பவோ?"

"இப்பத்தான்."

அவள் காரின் முன்பலகையில் விரலால் தட்டத் தொடங்கினாள். கண்ணாடிகள் மூடியிருந்தன. மண்டபத்திலிருந்து வெளியே வந்த புள்ளிப் பாவாடைப் பிள்ளைகள் கையாட்டிக்கொண்டு கடந்து போனார்கள். நான் கடைசி அடியைப் பாடினேன்.

"இல்லை" என்றாள். "இன்னும் பிந்துது."

"வீட்டை போகேலாதே?" பின்னாலிருந்து தவமணி வாஃபிளைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"பொறுங்கோ அம்மா. இன்னொருக்கா." மகள் என் முகத்தையே பார்த்து, ஜெர்மனில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினாள். "ஐன்ஸ், ட்ஸ்வை, ட்ரை..."

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி பாடினேன். இந்தமுறை பிந்தவில்லை.